புல்வெளியில் ஒன்றுமில்லையா?

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

ஆண்டு மலருக்குச் சுற்றுலாக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் பேருந்து புறப்பட்ட நேரத்தில் தொடங்கி, இரவு களைத்து வீடு திரும்பிய நேரத்தில் முடிப்பர். இடையில் மலையரசி வரவேற்பாள். மேகம் வந்து தழுவும். தேநீர் மிகச் சுவையாக இருக்கும். சென்ற பங்குனிக் கடைசியில் எங்கள் துறை மாணவ மாணவியர் முப்பத்துநான்கு பேர் நீலகிரிக்குப் பறவை காணச் சென்று வந்தோம். அதைப் பற்றி அப்படியொரு கட்டுரை எழுதித் தருமாறுதான் மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டார்கள். எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் என்னை எழுத விடவில்லை. ‘வென்லாக் புல்வெளி, காலை 10.40’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே ‘ஒன்றுமில்லை’ என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு சொல் தவறு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதோடு நின்றுவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதே சொல்லை நம்பி நம் கல்லூரியில் நாம் செய்யவிருக்கும் ஒரு காரியத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று அரசாங்கம் அதற்கு ஒரு சான்றிதழே தருகிறது. பட்டம் வாங்குவதற்கு முன்பே பட்டதாரி என்று கையெழுத்திட்டுத் தரும் ஒரே சான்றிதழ் அதுவாகத்தான் இருக்கும். அப்பா ஆடு மேய்ப்பவர். களப்பயணத்துக்குத் தலைக்கு 450 ரூபாய் என்றதும், இடுப்பிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டே, “என்னத்தப் பாக்கறதுக்குக் கண்ணு?” என்று கேட்டார்.

“குருவி பாக்கறதுக்குங்கப்பா.”

“குருவியா? அதுக்கு நானூத்தம்பது ரூவாயா? நம்ம மேய்ச்சக்காட்டுல இல்லாத குருவியா அங்க இருக்குது?”

நான் சிரித்துவிட்டேன். படித்த பிள்ளை படிக்காத தகப்பனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. அன்று அவர் கேட்டது எத்தனை நல்ல கேள்வி என்பது எனக்கு விளங்கப் பத்து நாள் ஆயிற்று.

நள்ளிரவில் புறப்பட்டோம். மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஏறி, சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டி, பிளாஸ்டிக் பாட்டில்களைப் பறிகொடுத்து, விடியும் நேரத்தில் தொட்டபெட்டாவின் சரிவில் ஒரு சோலையோரம் இறங்கினோம். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தமிழ்நாட்டின் உயரமான சிகரங்களுள் ஒன்று. சோலை என்றால் நம்மூரில் பூஞ்சோலை, மாஞ்சோலை என்று எதையும் சொல்லிவிடுகிறோம். மலையில் அதற்குத் தனிப்பொருள் உண்டு. இரு குன்றுகளுக்கிடையே நீர் கசியும் மடிப்பில் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்து, கிளையெல்லாம் பாசி படர்ந்து, உள்ளே பகலிலும் அந்திபோல் இருக்கும் காடே சோலை. மடிப்பை விட்டு மேட்டுக்கு வந்தால் மரம் நின்றுவிடும், புல் தொடங்கிவிடும். கோடு கிழித்தாற்போல் அந்த எல்லை இருக்கும்.

சோலைக்குள் எங்களுக்கு நல்ல வேட்டை. வேட்டை என்ற சொல் பிழையல்ல. நாங்கள் நடந்துகொண்ட விதம் அப்படித்தான் இருந்தது. புதருக்குள் கூட்டமாக யாரோ கேலி செய்து சிரிப்பதுபோல் ஒலி எழ, அது நீலகிரிச் சிரிப்பான் என்றார் எங்கள் விரிவுரையாளர். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடும், செம்பழுப்பு வயிறும் கொண்ட பறவை. உலகில் வேறெங்கும் இல்லாமல் நீலகிரியிலும் அதையொட்டிய உயர்மலைகளிலும் மட்டுமே வாழ்வது. கறுப்பும் ஆரஞ்சும் பூசிய சின்ன ஈப்பிடிப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது. நீலகிரி ஈப்பிடிப்பானைக் கண்டோம். காட்டுப்புறா ஒன்று சிறகடித்துப் போனதைப் பாதிப்பேர் கண்டோம். மீதிப்பேர் கண்டதாகக் குறித்துக்கொண்டோம்.

இங்கே ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். சோலைக்கிளி என்று ஒரு பறவை. பெயரில் கிளி இருந்தாலும் கிளியல்ல. நீலநிற உடலும் செம்பழுப்பு விலாவும் கொண்ட, நிலத்தோரம் திரியும் கூச்சக்காரக் குருவி. அது வெளியே வரவில்லை. நண்பன் ஒருவன் கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டான். மறு நிமிடமே ஆண்பறவை துள்ளி வெளியே வந்து, எதிரியைத் தேடி இங்குமங்கும் பறந்து பாடியது. எல்லோரும் கைதட்டாத குறை, நானுந்தான். ஆனால் அது கூடு கட்டும் பருவம் நெருங்கும் நேரம். இல்லாத எதிரியை விரட்ட அந்தக் குருவி தன் காலைப் பொழுதைச் செலவழித்தது. விரிவுரையாளர் கைபேசியை வாங்கி அணைத்துத் தம் பையில் போட்டுக்கொண்டார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குருவியைப் பற்றி ஒரு செய்தி. 2017-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இதன் மரபணுவை ஆராய்ந்து, இதுவரை வைத்திருந்த எந்தப் பேரினத்திலும் இது அடங்காது எனக் கண்டு, புதியதாக ஒரு பேரினத்தை வகுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘சோலிகோலா’. சோலையில் குடியிருப்பது என்று பொருள். கிரேக்கமும் இலத்தீனும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் இழக்கும் நமக்கு, நம் சோலை அந்தப் பட்டியலில் ஏறியிருப்பது எவ்வளவு மகிழ்ச்சி! அன்று பேருந்தில் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டோம்.

இன்னொன்று. ஆங்கிலப் புத்தகங்களில் வசந்தம் என்றால் பறவைகள் திரும்பி வரும் காலம். நமக்கு அது வழியனுப்பும் காலமும் ஆகும். குளிர்காலம் முழுதும் ஓடையோரம் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்த வாலாட்டிகள் வடக்கே இமயத்தை நோக்கிப் புறப்படும் வேளை அது. காஷ்மீரில் கூடு கட்டி, நீலகிரியிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் ஈப்பிடிப்பான் ஒன்று உண்டு. அதுவும் கிளம்பும் நேரம். விருந்தாளி வெளியேற, வீட்டுக்காரர் கூடு கட்டத் தொடங்குவதே நம் இளவேனில்.

இத்தனையும் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் பத்தொன்பது பெயர் சேர்த்துக்கொண்டு, கூடலூர் சாலையில் வென்லாக் புல்வெளிக்குப் போனோம். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. தம் நாட்டு மேட்டுநிலப் புல்வெளிகளை நினைவூட்டியதால் ஆங்கிலேயர் இங்கே குதிரையேறி, வேட்டை நாய்களோடு நரி விரட்டி மகிழ்ந்தார்கள். இப்போது திரைப்படத்தால் பெயர்பெற்ற இடம். எத்தனையோ காதலர்கள் இந்தச் சரிவில் ஓடிப் பாடியிருக்கிறார்கள். இறங்கியதும் எங்கள் கூட்டமும் அதையேதான் செய்தது. ஐந்து நிமிடம் பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்தோம். துறையில் இருப்பவை மூன்று. அதில் ஒன்றுக்கு ஒரு கண்தான் தெரியும். புல், புல், மறுபடியும் புல். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டோம்.

நான் அதிக தூரம் போகவில்லை. அதற்குக் காரணம் அறிவார்வம் அல்ல. பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த பூட்ஸ் குதிகாலைக் கடித்துவிட்டது. ஒரு பாறையருகே உட்கார்ந்து அதைக் கழற்றினேன். காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். பத்தடி தூரத்தில் புல்லுக்குள் எலி ஓடுவதுபோல் ஏதோ ஓடிற்று, நின்றது, மறுபடி ஓடிற்று. எலியல்ல, குருவி. மண்ணின் நிறம், முதுகிலும் மார்பிலும் கரிய கீற்றுகள், மெலிந்த கால்கள். ஒரு சின்னக் கல்லின்மேல் ஏறி நின்றது. பிறகு சட்டென்று மேலெழுந்து, மெல்லிய குரலில் பாடிக்கொண்டே கொஞ்ச தூரம் பறந்து, சரிந்து புல்லுக்குள் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. சற்று நேரத்தில் வேறொரு பக்கத்திலிருந்து அதே பாட்டு. அப்படியானால் இரண்டு. மூன்றாவதும் இருந்தது. புதர்ச்சிட்டு ஒன்று குத்துச்செடியின் உச்சியில் அமர்ந்து இத்தனை நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பின்னால் வந்து நின்ற விரிவுரையாளர் தாழ்ந்த குரலில், “நெட்டைக்காலி. நீலகிரி நெட்டைக்காலி. இதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்” என்றார். தென்மேற்கு மலைத்தொடரின் உயர்ந்த பகுதிகளில் உள்ள புல்வெளிகளை விட்டால் அதற்கு இவ்வுலகில் வேறு இடம் கிடையாது என்றும் சொன்னார். சோலைக்குள் அது போகாது, மரத்தோப்பில் வாழாது. புல் உண்டானால் அது உண்டு.

வெட்கத்தோடு குறிப்பேட்டைத் திறந்தேன். ‘ஒன்றுமில்லை’ என்பதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, கீழே பறவையின் பெயரை எழுதினேன். நூறு பேர் அந்த இடத்துக்கு வந்தால் தொண்ணூற்றொன்பது பேர் எழுதும் சொல் அது. எழுதியது மட்டுமா? அந்தச் சொல்லை நம்பியே நீலகிரியின் முகம் மாற்றப்பட்டிருக்கிறது.

1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மேலே வந்தபோது இம்மலைகளின் முதுகெல்லாம் புல்லாக இருந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. புல் என்றால் வீண்நிலம், மரம் வைத்தால் பயன்நிலம் என்று கருதியவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து விதை தருவித்தார்கள். மலைமக்கள் கற்பூர மரம் என்று சொல்லும் தைலமரமும், சீகை மரமும் அப்படி வந்தவை. விடுதலைக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்களின்போது நம்மவர்களே அதைப் பன்மடங்காகப் பெருக்கினோம். விறகு வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டு நூலுக்குக் கூழ் வேண்டும் என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் பொய்யல்ல. ஆனால் நட்டதோடு சீகை நிற்கவில்லை. தானே விதை பரப்பித் தானே புல்லுக்குள் நடக்கத் தொடங்கிற்று. நாங்கள் நின்ற சரிவிலேயே கீழ்ப்பக்கம் இளஞ்சீகைக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. பழனிமலையைப் பற்றி 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, துணைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதென்று காட்டியிருக்கிறது. மரத்தோட்டமும் வேளாண்மையுமே காரணம்.

“புல்வெளி என்பது மனிதன் காட்டை அழித்ததால் உண்டானதுதானே? மறுபடி மரம் வைத்தால் என்ன தவறு?” என்று திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இதற்கு விடை மண்ணுக்குள் இருந்திருக்கிறது. நீலகிரியின் சதுப்புகளில் படிவு படிவாக மட்கிக் கிடக்கும் கரிமண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து, சுகுமார் முதலிய நம் நாட்டு அறிவியலாளர்கள் 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பநிலப் புற்கள் காற்றிலுள்ள கார்பனைப் பிடிக்கும் முறை வேறு. மரங்கள் பிடிக்கும் முறை வேறு. தாவர இயங்கியல் பாடத்தில் நாம் கடமைக்குப் படிக்கும் சி-3, சி-4 வேறுபாடுதான் அது. மட்கிய மண்ணிலும் அந்த அடையாளம் அழிவதில்லை. அதைக்கொண்டு பார்த்தால், ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் குளிர்ந்து கிடந்த காலத்தில், இம்மலைகளில் புல்லே ஓங்கியிருந்தது. கோடரி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு! குளிர்காலத்து இரவுகளில் திறந்த சரிவில் விழும் உறைபனியைச் சோலை மரத்தின் கன்றுகள் தாங்குவதில்லை என்றும் சொல்கிறார்கள். மடிப்பில் மரம், மேட்டில் புல் என்ற ஏற்பாடு இயற்கை செய்தது.

நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது அந்தப் புல்லில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, 2006-லும் 2018-லும் நாம் கூட்டங்கூட்டமாகப் பார்க்கப் போன நீலக்குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். குறிஞ்சித் திணையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், குறிஞ்சி நிற்கும் தரையை வெறுந்தரை என்கிறோம். அயல் மரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்காக 2022-இல் தமிழ்நாடு அரசே ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. நூற்றாண்டுக்கும் மேலாகச் செலவழித்து நட்டதை, மறுபடி செலவழித்துப் பிடுங்குகிறோம்.

மலையை விட்டுக் கீழே வருவோம். ஏனெனில் எனக்கு உறுத்துவது மலையல்ல.

பயணம் முடிந்து பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஆடு ஓட்டிப் போனேன். எங்கள் ஊரின் தென்புறத்தில் பதினோரு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. செம்மண்ணும் சரளைக்கல்லும். மழை பெய்தால் பதினைந்து நாளில் கொழுக்கட்டைப் புல் மேலே வரும். மற்ற நாளில் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் இராது. நடுவில் நாலைந்து வெள்வேல மரங்கள். முன்னே போன கிடா ஓரிடத்தை நெருங்கியதும் அப்பா குரல் கொடுத்து மந்தையை வளைத்து வேறு பக்கம் திருப்பினார். ஏனென்று கேட்டேன். “ஆக்காட்டி முட்டை வெச்சிருக்குது கண்ணு. மிதிச்சுப்போடும்” என்றார். கிட்டப் போய்த் தேடினேன். இரண்டு பறவைகளும் தலைக்கு மேல் கத்திச் சுழன்றன. கூடு என்று எதுவுமில்லை. சரளைக்கல்லுக்கு நடுவே சரளைக்கல்லைப் போலவே நான்கு முட்டைகள். அவர் விரலால் காட்டிய பிறகும் என் கண்ணுக்குப் பிடிபட நேரமாயிற்று. விலங்கியல் மாணவன் நான்.

அன்று காலை அந்தப் ‘பொட்டல்’ காட்டில் அப்பா எனக்குக் காட்டியவை: ஆக்காட்டி, கௌதாரி, காடை, வானம்பாடி, தவிட்டுக்குருவி, பனங்காடை, கரிச்சான். பிறகு ஒன்று மண்ணில் ஓடி நின்று மறுபடி ஓடியது. மெலிந்த கால், மண்ணின் நிறம். அப்பா அதை மண்ணுக்குருவி என்றார். நான் சோலையில் கைதட்டத் துடித்ததைப்போல் அங்கேயும் துள்ளினேன். அது நெட்டைக்காலி! மலையில் பார்த்ததன் பங்காளி, சமவெளியில் வாழும் வயல் நெட்டைக்காலி. நம்ம மேய்ச்சக்காட்டில் இல்லாத குருவியா என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு விடை அங்கே ஓடிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணால் பார்த்தோம். கட்டணமும் இல்லை.

அந்தப் பதினோரு ஏக்கரில்தான் வரும் ஐப்பசியில் நம் நாட்டு நலப்பணித் திட்ட அணியினர் அறுநூறு மரக்கன்றுகள் நடப்போகிறோம். தத்தெடுத்த கிராமத்தின் ‘தரிசு நிலத்தைப் பசுமையாக்கும்’ திட்டம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறது.

நானும் அந்த அணியில் இருக்கிறேன். சென்ற ஆண்டு வேறோர் ஊரின் புறம்போக்கில் இருநூறு கன்று நட்டோம். அதன் புகைப்படம் சென்ற ஆண்டு மலரில் வந்தது. மண்வெட்டியுடன் நிற்கும் மூவரில் இடக்கோடியில் நிற்பவன் நான்தான். அந்தப் படத்தை வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் என்னென்ன இருந்தன என்றும் நட்ட அன்று யாரும் கேட்கவில்லை. ஆகவே நான் யாரையும் குற்றம் சொல்லும் இடத்தில் இல்லை. நல்லெண்ணத்தோடு போடப்பட்ட திட்டம் அது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த இடம் வேண்டாம் என்பது என் கருத்து.

தரிசு என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. வரி வராத நிலத்தை வீண்நிலம் என்று எழுதிவைத்தது அந்நியன் காலத்து வருவாய்க் கணக்கு. நாமும் அதைத் திருத்தவில்லை. 1985-இல் மத்திய அரசு தரிசு நில மேம்பாட்டுக்கென்றே ஒரு வாரியம் அமைத்தபோது, மேய்ச்சல் நிலமும் முட்புதர் நிலமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிப்போயின. எங்கள் ஊரில் முப்பது குடும்பங்களின் ஆடுமாடுகள் அந்தத் தரிசில்தான் வயிறு நிரப்புகின்றன. என் கல்லூரிக் கட்டணமும், உண்மையைச் சொன்னால், அந்தப் புல்லிலிருந்து வந்ததுதான். கன்று நட்டால் சுற்றிலும் வேலி போட வேண்டும். வேலி போட்டால் மூன்று ஆண்டுக்கு ஆடு உள்ளே போக முடியாது. அதற்குள் ஆட்டை விற்றுவிடுவார்கள். நிழல் விழுந்தால் கொழுக்கட்டைப் புல் மெலியும். நாற்புறமும் பார்வை படும் திறந்த வெளியில் மட்டும் முட்டையிடும் ஆக்காட்டி, மரம் அடர்ந்த இடத்தில் ஏன் தங்கப் போகிறது?

தமிழகத்துச் சமவெளிப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் கானமயில் நடந்திருக்கிறது. ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும் பறவை. இன்று ஒன்றுகூட இங்கே இல்லை. வேட்டையும் ஒரு காரணம். அது நிற்க நிலமில்லாமல் போனதும் ஒரு காரணம். சோலை அழிந்தால் கவிஞர்கள் பாடுவார்கள். புல் அழிந்தால் பசுமைப் பணி என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறோம்.

மரத்துக்கு நான் பகைவன் அல்லன். நம் கல்லூரி விளையாட்டுத் திடலைச் சுற்றி நிழலே இல்லை, அங்கே நடுவோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை மாணவியர் வெயிலில் நடந்து வருகிறார்கள். அந்தச் சாலையோரம் புளியும் வேம்பும் வைப்போம். எங்கள் ஊர்க் குட்டைக் கரையில் வைக்கலாம். புறம்போக்கிலேதான் ஏதேனும் செய்தாக வேண்டுமென்றால், அதன் மேற்கு மூலையில் சீமைக் கருவேலம் ஏறி வருகிறது. அறுபது பேர் மூன்று நாள் உழைத்தால் அதை வேரோடு எடுக்கலாம். புகைப்படத்துக்கு அவ்வளவு அழகாக இராது. கையில் முள் குத்தும். ஆனால் ஊரார் நம்மை மறக்க மாட்டார்கள். இன்னொரு பகுதியில் மழைநீர் அறுத்து மண்ணைக் கொண்டுபோகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அங்கே வரப்புக் கட்டலாம்.

எங்கள் துறைக்கும் ஒரு விண்ணப்பம். மலைப்பயணம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஊட்டியைக் காணாத பத்துப் பேர் எங்கள் பேருந்திலேயே இருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். ஆனால் முப்பத்துநான்கு பேர் ஒரே வரிசையில் பேசிக்கொண்டே போவதற்குப் பறவை காணல் என்று பெயர் வைக்கக் கூடாது. எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, ஓரிடத்தில் ஒரு மணி நேரம் வாய் திறவாமல் உட்காரச் செய்யலாம். பறவையின் பாட்டைக் கைபேசியில் ஒலிக்கவிடுவதைத் தடுத்துவிடலாம். பெயர்களைத் தமிழிலும் எழுதச் சொல்லலாம், க. ரத்னம் அவர்களின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ நூலில் பெயர்கள் இருக்கின்றன, எங்கள் அப்பாக்களிடமும் இருக்கின்றன. மேலே ஒரு பயணம் போனால், கீழே நம் வட்டாரத்துப் பொட்டலுக்கு ஒரு பயணம் என்று வைக்கலாம். அதற்குப் பேருந்து வாடகையும் இல்லை, இ-பாஸும் இல்லை.

திட்ட அலுவலரிடம் இதையெல்லாம் நேரில் சொல்லப் போனேன். அவர் பாதியில் நிறுத்தவில்லை, முழுவதும் கேட்டார். “கன்றுகளுக்குச் சொல்லியாயிற்றே தம்பி” என்றார். பிறகு, “அங்கே இத்தனை பறவை இருக்கிறது என்று நீ சொன்னால் போதுமா? கணக்கு இருக்கிறதா?” என்று கேட்டார். என்னிடம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு மட்டுமே இருந்தது. அது போதாது என்று அவர் சொன்னது சரியே.

ஆகவே ஐப்பசிக்குள் அந்தக் கணக்கை எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு காலை. இதுவரை நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருவர் தாவரவியல், ஒருவர் தமிழ்த்துறை. புல்லை எண்ணத் தாவரவியலாரும் பெயரை எழுதத் தமிழ்த்துறையாரும் வேண்டும். இன்னும் சிலர் வந்தால் நல்லது. நடுவதுதான் சரி என்று எண்ணுவோர் கட்டாயம் வர வேண்டும். எண்ணிக்கை எனக்கு எதிராகப் போனாலும் அப்படியே எழுதித் தருகிறேன். ஆறே கால் நகரப் பேருந்தில் ஏறினால் ஆறே முக்காலுக்கு ஊர் எல்லையில் இறங்கலாம். கண்ணில் பளிச்சென்று படாத நிறத்தில் சட்டை போட்டு வாருங்கள். கீழே பார்த்துக் காலை வையுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், தொந்தரவாக இருக்குமோ என்று அப்பாவிடம் கேட்டேன்.

“வரட்டும் கண்ணு. வெயிலேறதுக்கு முந்தி வரச்சொல்லு. ஒம்பது மணிக்கு மேல குருவியும் இருக்காது, நானும் இருக்கமாட்டன்” என்றார்.